வீசாத ஓராண்டு: ஜப்பானிய பேஸ்பாலில் ஒரு நிகழ்வு ஆய்வு

இதில் வரும் இருவரும் ஊரறிந்தவர்கள். ஜப்பானிய பேஸ்பாலைப் பின்தொடர்கிறவர்களுக்கு யாரென்று சீக்கிரமே பிடிபட்டுவிடும். ஆனாலும் ‘பயிற்சியாளர்’, ‘இளைஞர்’ என்றே எழுதுகிறேன். பெயரைப் போட்ட உடனே ரசிகர் சண்டை ஆரம்பித்துவிடுகிறது. எந்த முடிவை எப்போது எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதெல்லாம் பின்னால் போய்விடுகிறது.

எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். பதினெட்டு வயதில் மணிக்கு 163 கி.மீ. வேகத்தில் வீசக்கூடிய ஒருவர் கையில் கிடைத்தால் அணி என்ன செய்ய வேண்டும்? சிபா லோட்டே மரீன்ஸ் அணி 2020இல் சொன்ன பதில்: ஒரு வருஷம் முழுக்க அவரை ஒரு ஆட்டத்திலும் இறக்கக் கூடாது. அந்தப் பதில் எங்கிருந்து வந்தது, அதனால் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்று வரிசையாகப் பார்க்கலாம்.

பயிற்சியாளர் வந்த வழி

பயிற்சியாளர் 1965இல் பிறந்தவர், வகயாமா மாகாணத்தின் மினோஷிமா உயர்நிலைப் பள்ளியில் பிட்சராக, அதாவது பந்து வீசுபவராக, ஆடியவர். புதிய வீரர்களைத் தொழில்முறை அணிகள் பங்கிட்டுக்கொள்ளும் 1983 தேர்வில் கின்டெட்சு பஃபலோஸ் அணி அவரை இரண்டாம் சுற்றில் எடுத்தது. பெயர் வெளியே வர நான்கைந்து வருஷம் ஆனது. 1988இல், ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸைக் காக்கும் ‘க்ளோசர்’ வேலையில் 10 வெற்றி, 24 சேவ் (முன்னிலையைக் காத்து முடித்த ஆட்டங்கள்) எடுத்து, கடைசிக் கட்டத்தில் வரும் சிறந்த பிட்சருக்கான அந்த ஆண்டு விருதும் வாங்கினார்.

அதே ஆண்டு அக்டோபர் 19ஆம் தேதியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கவாசாகி மைதானத்தில் லோட்டே ஓரியன்ஸோடு ஒரே நாளில் இரண்டு ஆட்டம். இரண்டையும் வென்றால் கின்டெட்சுவுக்கு லீக் பட்டம், ஒன்றை விட்டாலும் பட்டம் போட்டி அணியான செய்புவுக்கு. முதல் ஆட்டத்தில் 4-3 என்று முன்னிலையில் இருந்தபோது ஒன்பதாவது இன்னிங்ஸில் நம் க்ளோசரை வெளியே எடுத்துவிட்டு, அணியின் முதன்மை பிட்சரை அனுப்பினார்கள். அந்த மனிதர் இரண்டு நாளைக்கு முன்புதான் 128 பந்து வீசியிருந்தார். எப்படியோ காப்பாற்றிக் கொடுத்தார். இரண்டாவது ஆட்டத்திலும் ஒரு ரன் முன்னிலையைக் காக்க எட்டாவது இன்னிங்ஸில் அவரையே திரும்ப அனுப்பினார்கள். அந்த முறை ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற அடி) போனது, ஸ்கோர் சமமானது. நான்கு மணி நேர வரம்பு இருந்ததால் பத்தாவது இன்னிங்ஸோடு 4-4 என்று டிராவில் முடிந்து, பட்டம் கைநழுவியது.

ஜப்பானில் இன்றும் இந்த நாளை உருக்கமாகத்தான் பேசுகிறார்கள். வீரம், தியாகம் எல்லாம் சரி. நான் பார்ப்பது வேறு: மூன்று நாளில் ஒரே தோள்பட்டையை மூன்று முறை கேட்ட அணி அது. அந்த அணியில்தான் நம் பயிற்சியாளர் ஆளானார்.

1995இல் யாகுல்ட் ஸ்வாலோஸ் அணிக்கு மாற்றப்பட்டு, தொடக்க பிட்சராக மூன்று ஆண்டில் 10, 10, 13 வெற்றி எடுத்தார். 1998இல் நியூயார்க் மெட்ஸ். ஜப்பானிலிருந்து ஃப்ரீ ஏஜென்ட் உரிமையை (பல ஆண்டு ஆடியபின் விரும்பிய அணிக்குப் போகும் உரிமை) பயன்படுத்தி அமெரிக்கா போன முதல் வீரர் இவர்தான். அங்கே நடந்ததாக அவரே பலமுறை சொல்லியிருக்கும் ஒரு சம்பவம் இந்த ஆய்வுக்கு முக்கியம். போன புதிதில் மெட்ஸின் பிட்சிங் பயிற்சியாளர் இவரிடம் எதையும் திருத்தவில்லை. உன் பந்துவீச்சைப் பற்றி உன்னைவிட அதிகம் தெரிந்தவர் இங்கே யாருமில்லை, அதனால் முதலில் நீ எனக்குச் சொல் என்றாராம். காலை ஏன் அப்படித் தூக்குகிறாய், கையை ஏன் இப்படி வைக்கிறாய் என்று தலைக்கு மேல் நின்று சொல்வதுதான் பயிற்சி என்று பழகிய ஒருவருக்கு, 32 வயதில் கிடைத்த அனுபவம் இது.

1999 பிளேஆஃப் தொடரின் முதல் ஆட்டத்தையே அவர் கையில் கொடுத்தார்கள். பின்னர் கொலராடோ, மான்ட்ரியல். 2003இல் ஜப்பான் திரும்பி ஓரிக்ஸ், கடைசியில் லோட்டே. 2007இல் 42 வயதில் ஓய்வு. இரண்டு நாட்டிலும் சேர்த்து 121 வெற்றி: ஜப்பானில் 89, அமெரிக்காவில் 32.

மறு ஆண்டே நிப்பான்-ஹாம் ஃபைட்டர்ஸில் பிட்சிங் பயிற்சியாளரானார். 2012 வரை அங்கே இருந்தார். 2014இல் 49ஆம் வயதில் ஸுகுபா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் படிப்பில் சேர்ந்து பயிற்சி முறைகளைப் படித்தார். படிப்பு நடக்கும்போதே 2015இல் சாஃப்ட்பேங்க் ஹாக்ஸ், 2016 முதல் மறுபடி நிப்பான்-ஹாம், 2019இல் லோட்டே. 2015இலும் 2016இலும் அவர் இருந்த அணியே நாட்டின் பட்டத்துக்கான ஜப்பான் தொடரை வென்றது. அவர் வராமலே வென்றிருக்கலாம், அதை யாராலும் நிரூபிக்க முடியாது.

அவர் முறையின் மையம் ஒரு பேச்சு. ஆட்டம் முடிந்த மறுநாள் இளம் பிட்சரை உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்பார். நேற்று எது நன்றாக அமைந்தது? எது அமையவில்லை? அடுத்த முறை என்ன செய்யப்போகிறாய்? பதிலைப் பையன்தான் சொல்ல வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிரே இருப்பவர் வாயைத் திறக்காமல் தலையைக் குனிந்துகொண்டிருக்கும்போது, விடை தெரிந்த ஒருவர் சொல்லாமல் காத்திருப்பது லேசில்லை.

இளைஞர் வந்த வழி

இளைஞர் இவாதே மாகாணத்துக்காரர். ஒஃபுனாதோ உயர்நிலைப் பள்ளி. பெரிய பேஸ்பால் பள்ளிகள் அழைத்தும் உள்ளூர் நண்பர்களோடு ஆடவேண்டும் என்று அங்கேயே சேர்ந்தார். 2019 ஏப்ரலில் 18 வயதுக்குட்பட்டோர் தேசிய முகாமில் 163 கி.மீ. வேகத்தில் வீசியபோது நாடே திரும்பிப் பார்த்தது. அதன்பின் எடுத்த பரிசோதனையில் எலும்பு இன்னும் பெரியவர்களின் எலும்பாக முதிரவில்லை என்று தெரிந்தது. கை வீசும் வேகத்தை உடம்பால் இன்னும் தாங்க முடியாது என்று அர்த்தம்.

ஜூலையில் கோஷியென் கோடைப் போட்டிக்கான மாகாணத் தகுதிச் சுற்று. கோஷியென் என்றால் ஜப்பானில் பள்ளி பேஸ்பாலின் உச்சம். 1998இல் ஒரு பையன் அங்கே 17 இன்னிங்ஸில் 250 பந்து வீசியதை இன்னும் பெருமையாகத்தான் சொல்கிறார்கள். நம் இளைஞர் ஜூலை 21 அன்று 12 இன்னிங்ஸில் 194 பந்து வீசினார். 24ஆம் தேதி அரையிறுதியில் 129. மறுநாள் இறுதிப் போட்டி. வென்றால் 35 ஆண்டுக்குப் பிறகு பள்ளி கோஷியென் போகும்.

பள்ளி அணியின் மேனேஜர், அதாவது யார் ஆடுவது என்று முடிவெடுக்கும் தலைமைப் பயிற்சியாளர், அவரை இறக்கவே இல்லை. பிட்சராகவும் இல்லை, பேட்டராகவும் இல்லை. காயம் வராமல் தடுக்க என்று மட்டும் சொன்னார். அணி 12-2 என்று தோற்றது. பள்ளிக்குக் கண்டன அழைப்புகள் குவிந்தன, தொலைக்காட்சியில் நாள்கணக்கில் விவாதம் நடந்தது. வாரத்துக்கு 500 பந்துக்கு மேல் ஒரு மாணவர் வீசக் கூடாது என்ற விதி 2020இல் நடைமுறைக்கு வந்ததற்கு இந்தச் சச்சரவும் ஒரு பின்னணி.

இந்த ஆய்வில் முதல் ‘வேண்டாம்’ அந்தப் பள்ளி மேனேஜருடையது என்பதை மறக்கக் கூடாது. லோட்டேயின் திட்டத்தைப் பாராட்டுகிற பலர் இவரை விட்டுவிடுகிறார்கள். தொழில்முறை அணிக்குப் பின்னால் மருத்துவக் குழு இருக்கும், பத்திரிகைத் தொடர்பாளர் இருப்பார். அவருக்குப் பின்னால் பெற்றோர்களும் ஊரும்தான் இருந்தார்கள், அதிலும் பாதிப் பேர் கோபத்தோடு.

2020: கண்டதும் முடிவு செய்ததும்

2019 அக்டோபர் தேர்வில் நான்கு அணிகள் இளைஞரைக் கேட்டன. குலுக்கலில் லோட்டேக்கு விழுந்தது. 2020 பிப்ரவரியில் இஷிகாகி தீவு முகாமில் அவர் முதல்முறை புல்பென்னில் (பிட்சர்கள் வீசிப் பழகும் இடம்) நின்றபோது செய்தியாளர்கள் மட்டுமல்ல, சக வீரர்களும் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். மே மாதம் பயிற்சியின்போது நிஜ பேட்டர்களுக்கு வீசி 160 கி.மீ. தொட்டார்.

பயிற்சியாளர் கவனித்தது வேகத்தை அல்ல, வேகமாக வீசிய அடுத்த சில நாட்களை. உடம்பு தேறிவர நீண்ட நேரம் எடுத்தது. ஜப்பானில் ஒரு தொடக்க பிட்சர் வாரத்துக்கு ஒருமுறை இறங்குவார். அந்தச் சுற்றுக்குள் தேறாத உடம்பை ஆட்டத்தில் இறக்கினால் ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரத்தின் பாக்கி சேர்ந்துகொண்டே போகும்.

வழக்கப்படி இரண்டாம் அணிக்கு அனுப்பி, சின்ன ஆட்டங்களில் வீச வைத்துப் பழக்கியிருக்கலாம். லோட்டே அதையும் செய்யவில்லை. முதல் அணியோடேயே வைத்துக்கொண்டது. அவர் பேருந்திலும் மைதானத்திலும் அணியோடு இருந்தார், பயிற்சி செய்தார், மூத்தவர்கள் ஆட்டத்துக்குத் தயாராவதைப் பக்கத்திலிருந்து பார்த்தார். ஆனால் அந்த ஆண்டு முதல் அணியிலும் சரி, இரண்டாம் அணியிலும் சரி, ஒரு அதிகாரபூர்வ ஆட்டத்தில்கூட வீசவில்லை.

பயிற்சியாளர் பக்கத்திலேயே இருந்ததால் உடலைத் தினமும் பார்க்க முடிந்தது. சின்ன ஆட்டத்தில் ஒருவர் ‘இன்று மட்டும் ஒரு இன்னிங்ஸ் கூடப் போகட்டுமே’ என்று கேட்கும் வாய்ப்பும் இல்லாமல் போனது. இந்த இரண்டாவதுதான் பெரிது என்று நினைக்கிறேன். ‘குறைவாகப் பயன்படுத்து’ என்ற உத்தரவு ஆறு மாதத்தில் கரைந்துவிடும். ‘பயன்படுத்தவே கூடாது’ என்பதில் பேரம் பேச இடமில்லை.

அந்த ஆண்டுகளில் லோட்டேயின் மற்ற பிட்சர்களுக்கும் இதே போக்குதான். தொடக்க பிட்சருக்குப் பின்னால் வரும் பின்வரிசை பிட்சர்களை மூன்று நாள் தொடர்ந்து இறக்குவதைத் தவிர்த்தார்கள். ஆக, இளைஞருக்கு மட்டும் சலுகை என்று அணிக்குள் முணுமுணுப்பு எழ அதிக இடமில்லை.

2021: விலையும் வட்டியும்

2021 மே 16இல் செய்புவுக்கு எதிராக முதல் ஆட்டம். ஐந்து இன்னிங்ஸ் வீசினார். வேகத்தில் குறையில்லை, ஆனால் எதிரணி ஐந்து முறை தளம் திருடியது, அதாவது அவர் வீசும் நேரத்தில் ஓடி அடுத்த தளத்தைப் பிடித்தது. கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு வரி: பேஸ்பாலில் பிட்சர் பேட்டரை மட்டும் பார்த்தால் போதாது, முதல் தளத்தில் நின்றுகொண்டு ஓடக் காத்திருப்பவரையும் ஓரக்கண்ணால் பார்த்து, காலைச் சீக்கிரம் இறக்கி வீச வேண்டும். அது ஆட்டத்தில்தான் கைவரும். புல்பென்னில் ஓட ஆளில்லை. வீசாத ஓராண்டின் விலை அந்த ஐந்து திருட்டில் தெரிந்தது.

பதினோரு நாள் கழித்து, மே 27இல் அடுத்த ஆட்டம். இடம் கோஷியென் மைதானம், எதிரணி ஹன்ஷின். முதல் வெற்றி அங்கேதான் வந்தது.

அந்த இடைவெளி தற்செயலானதில்லை. ஒரு வீரரை முதல் அணிப் பட்டியலிலிருந்து நீக்கினால் 10 நாளுக்குப் பிறகுதான் திரும்பச் சேர்க்க முடியும். லோட்டே இதையே வசதியாக்கிக்கொண்டது. வீசியதும் நீக்கிவிடுவார்கள், அந்த இடத்தில் வேறொருவரை ஆட வைப்பார்கள், உடல் தேறியதும் திரும்ப அழைப்பார்கள். ஆண்டு முழுவதும் 11 ஆட்டம், 63⅓ இன்னிங்ஸ், 3 வெற்றி, 2 தோல்வி. நவம்பரில் ரகுதென்னுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸில் 10 ஸ்ட்ரைக்அவுட் (பேட்டரைப் பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றுவது) எடுத்தார். மே மாதம் தடுமாறியவர்தானா என்று கேட்க வைத்த ஆட்டம்.

2022: இரண்டு ஞாயிறு

2022இல் பயிற்சியாளரின் பதவி மாறியது. முதல் அணியின் அன்றாடப் பொறுப்பிலிருந்து விலகி, எல்லா நிலை பிட்சர்களையும் ஒருங்கிணைக்கும் வேலைக்குப் போனார். அடுத்து வரும் இரண்டு ஆட்டத்தின் முடிவுகள் அன்றைய மேனேஜருடையவை. ஆனால் வழிமுறை மாறவில்லை.

ஏப்ரல் 10, ஞாயிறு. எதிரணி ஓரிக்ஸ், அதாவது பயிற்சியாளர் தொடங்கிய கின்டெட்சு அணி 2004 முடிவில் எதில் போய்க் கலந்ததோ அந்த அணி. இளைஞருக்கு வயது 20. பந்தைப் பிடித்த கேட்சருக்கு 18. வந்த 27 பேரில் ஒருவரும் முதல் தளத்தைத் தொடவில்லை. 105 பந்து, 19 ஸ்ட்ரைக்அவுட், அதில் தொடர்ச்சியாக 13. ஜப்பானில் 28 ஆண்டுக்குப் பிறகு வந்த பர்ஃபெக்ட் கேம் அது. தொடர்ச்சியான 13 என்பது அமெரிக்க மேஜர் லீக்கின் சாதனையையும் தாண்டியது.

ஏப்ரல் 17, அடுத்த ஞாயிறு, எதிரணி நிப்பான்-ஹாம். எட்டு இன்னிங்ஸ், 24 பேர், மறுபடியும் ஒருவரும் தளம் ஏறவில்லை. 14 ஸ்ட்ரைக்அவுட். ஆனால் லோட்டேயும் ரன் எடுக்கவில்லை, 0-0. பந்து எண்ணிக்கை 102. இரண்டு வாரத்தில் இரண்டு பர்ஃபெக்ட் கேம் என்பதை உலகில் யாரும் பார்த்ததில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு வேறொரு பிட்சர் மைதானத்துக்கு வந்தார்.

களைப்பு தெரிந்தது, 100 பந்தையொட்டி நிறுத்துவதென்று முன்பே முடிவு என்றார் மேனேஜர். பத்தாவது இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன் போய் லோட்டே 1-0 என்று தோற்றது. மூன்று வருஷம் முந்தைய இவாதே இறுதிப் போட்டியின் வாதங்கள் அப்படியே திரும்ப வந்தன, இந்த முறை கோபம் குறைவு. மக்கள் பழகிவிட்டார்கள் என்பது ஒரு காரணம். அணி தன் வரம்பை ஆட்டத்துக்கு முன்பே வகுத்து வைத்திருந்தது என்பது இன்னொன்று. 102ஆவது பந்துக்குப் பிறகு உட்கார்ந்து யோசித்திருந்தால் யாராக இருந்தாலும் அனுப்பித்தான் இருப்பார்கள். நானாக இருந்தால் நிச்சயம் அனுப்பியிருப்பேன்.

ஆண்டு முடிவில் 129⅓ இன்னிங்ஸ், 9 வெற்றி.

2023 முதல் 2025 வரை

பயிற்சியாளர் லோட்டேயின் மேனேஜரானார். பொறுப்பேற்ற கையோடு 2023 மார்ச்சில் உலக பேஸ்பால் கிளாசிக்கில் ஜப்பான் அணியின் பிட்சிங் பயிற்சியாளர். இளைஞரும் அந்த அணியில் இருந்தார். மியாமியில் அமெரிக்காவை 3-2 என்று வென்று கோப்பையோடு திரும்பினார்கள்.

அந்த ஏப்ரலில் இளைஞர் 165 கி.மீ. தொட்டார். ஜூலையில் இடுப்புக்கு மேலே பக்கவாட்டுத் தசை கிழிந்தது. ஆண்டுக்கு 91 இன்னிங்ஸ்தான். 2024இல் 111, முதல்முறை 10 வெற்றி. இங்கே ஒரு கணக்கு. ஜப்பானில் ஆண்டின் பந்துவீச்சுத் தரவரிசையில் இடம்பெற 143 இன்னிங்ஸ் வீசியிருக்க வேண்டும். ஐந்து ஆண்டில் ஒருமுறைகூட அவர் அதைத் தொடவில்லை. வீசியதெல்லாம் அபாரம் (29 வெற்றி, 15 தோல்வி, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 2.10 ரன்), ஆனால் மொத்தமே 394⅔ இன்னிங்ஸ்.

2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸில் சேர்ந்தார். 25 வயதுக்கு முன்பே போகிறவர்களுக்கு மைனர் லீக் (மேஜர் லீக்குக் கீழுள்ள நிலை) ஒப்பந்தம் மட்டுமே கிடைக்கும். கையெழுத்துத் தொகை 65 லட்சம் டாலர். லோட்டேக்குத் தனியாகக் கிடைத்தது அதில் கால்வாசிக்குச் சமமான தொகை. இரண்டு வருஷம் பொறுத்திருந்தால் அணிக்குப் பல மடங்கு கிடைத்திருக்கும் என்று ரசிகர்கள் கொதித்தார்கள்.

டாட்ஜர்ஸில் எட்டு ஆட்டத்துக்குள் வலது தோளில் பிரச்சினை. மே மாதம் உட்கார்ந்தவர் செப்டம்பரில்தான் திரும்பினார், அதுவும் கடைசி இன்னிங்ஸ்களுக்கு வரும் பிட்சராக. மேஜர் லீக் பட்டத்துக்கான உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம் டொரான்டோவில். ஒன்பதாவது இன்னிங்ஸில் இரண்டு பேர் தளம் ஏறியதும் அவரை வெளியே எடுத்துவிட்டு, வழக்கமாக ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர் ஒருவரை அனுப்பி ஆட்டத்தை முடித்தார்கள். 1988இல் கவாசாகியில் பயிற்சியாளருக்கு நடந்த அதே காட்சி. மறுநாள் டாட்ஜர்ஸுக்குப் பட்டம்.

லோட்டே 2023இல் இரண்டாமிடம், 2024இல் மூன்றாமிடம், இளைஞர் போன 2025இல் கடைசி இடம். அந்த சீசனோடு பயிற்சியாளர் மேனேஜர் பதவியை விட்டு இறங்கினார்.

எதை மாற்றலாம்

2020இன் முடிவு சரி என்றுதான் இன்னும் நினைக்கிறேன். எலும்பு முதிராத உடம்பு, தேறிவர நேரமெடுக்கும் உடம்பு. அந்த இரண்டு தகவலும் கையிலிருக்கும்போது வேறு முடிவு சூதாட்டம். 2025இல் தோள் வலித்ததை வைத்து 2020ஐத் தவறென்று சொல்வது நியாயமில்லை. காப்பாற்றினார்கள், அதனால் 2022 நடந்தது.

ஆனால் வீசாத ஆண்டிலேயே ஆட்டத்தின் மற்ற வேலைகளைத் தனியாகப் பழக்கியிருக்கலாம். தளத்தில் ஆளை நிறுத்தி, வேகத்தைப் பாதியாகக் குறைத்து வீச வைத்தாலும் காலை எப்போது இறக்குவது என்று உடம்புக்குத் தெரிந்திருக்கும். அதற்கு 160 கி.மீ. தேவையில்லை. மே 16இன் ஐந்து திருட்டில் இரண்டையாவது மிச்சம் பிடித்திருக்கலாம்.

என் பெரிய குறை 2022க்குப் பிந்தைய காலம் பற்றியது. வெளியே தெரிந்த அளவில் அந்தத் திட்டத்தில் நிறுத்துவதற்கான கோடுகள் தெளிவாக இருந்தன: 100 பந்து, 10 நாள், மூன்று நாள் தொடர்ச்சி கிடையாது. நீட்டுவதற்கான கோடு கண்ணில் படவில்லை. 129, 91, 111 என்ற வரிசையைப் பார்த்தால் மூன்றாம் ஆண்டில் தொட்ட உயரத்தை நான்கிலும் ஐந்திலும் எட்ட முடியவில்லை. காயம் பாதிக் காரணம். மறு பாதி, உடம்பு கேட்கும் வரை காத்திருப்பது என்ற நல்ல வழக்கம், உடம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்க வைப்பது என்ற அடுத்த கட்டத்துக்கு நகராதது. வாரத்துக்கு ஒருமுறை வீசவே இங்கே சுமை கூட்டப்படவில்லை. அமெரிக்காவில் அதைவிடக் குறைந்த இடைவெளியில் இறங்க வேண்டியிருக்கும் என்பது பயிற்சியாளருக்குத் தன் சொந்த அனுபவத்திலேயே தெரியும்.

கடைசியாக ஒன்று, பதவி பற்றியது. இளைஞரின் உடம்பைத் தினமும் பார்த்து ‘வேண்டாம்’ என்றவர் 2020இல் பிட்சிங் பயிற்சியாளர். ஆட்டத்தை வென்றாக வேண்டிய மேனேஜர் வேறொருவர். 2023இல் இரண்டு நாற்காலியும் கிட்டத்தட்ட ஒருவருடையதாகிவிட்டது. பிட்சிங் பயிற்சியாளர் தனியாக இருந்தார் என்றாலும், மேனேஜரே முன்னாள் குரு எனும்போது அவரை மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்? சுமையைக் கூட்டு என்றோ குறை என்றோ வாதாட வெளியிலிருந்து ஒருவரை, மேனேஜரின் கீழ் இல்லாத ஒருவரை, அந்தக் குளிர்காலத்திலேயே அமர்த்தியிருக்க வேண்டும்.